தலைவாசலால் வெளியேறியவர்

நீண்ட பதிவு. அவசரமில்லாத நேரத்தில் வாசியுங்கள்.

1989 ஜனவரியில் ‘மொஸ்கோவ்ஸ்கி கொம்சொமோலெத்ஸ்’ என்ற மொஸ்கோ பத்திரிகையில் ஒரு பகிரங்கக் கடிதம் வெளிவந்தது. எழுதியவர் சோவியத் இராணுவத்தில் மேஜர் பதவியிலிருந்த முப்பது வயது மனிதர். திகோனோவின் அணியில் இனிமேல் விளையாட எனக்கு விருப்பமில்லை என்பதுதான் கடிதத்தின் சாரம். அந்தத் திகோனோவ் அவருடைய பயிற்றுவிப்பாளர். அவரும் இராணுவ அதிகாரிதான். ஒரு இராணுவ அதிகாரி தன் மேலாளரைப் பற்றிப் பத்திரிகையில் இப்படி எழுதுவது பத்து வருடங்களுக்கு முன் அந்த நாட்டில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

அந்த மேஜரின் பெயர் வியச்செஸ்லாவ் ஃபெடிசோவ். போர்க்களத்தைக் கண்டவரல்ல. அவருடைய இராணுவ சேவை முழுவதும் ஐஸ் தரையில், காலில் சறுக்குக் கத்தியோடும் கையில் மட்டையோடும் கழிந்தது. ஐஸ் ஹொக்கியில் பின்கள வீரர்.

சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சி என்றதும் கொர்பச்சேவ், பெரஸ்த்ரோய்கா, கிளாஸ்நொஸ்த் என்று மூன்று சொற்களைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கக் கொடுத்துவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுகிறோம். அந்தச் சொற்கள் ஒரு தனி மனிதனின் வாழ்க்கையில் என்ன செய்தன என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இந்த விளையாட்டு வீரர்தான். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் விளையாட்டு. நம்மூரில் ஐஸ் என்றால் மீன் பெட்டியிலும் சர்பத் கிளாசிலும் கண்டதுதான். அங்கே உதைபந்தாட்ட மைதானத்தை விடச் சின்னதான ஒரு அரங்கின் தரை முழுவதும் ஐஸ். ஒரு பக்கத்துக்குக் கோல் காப்பாளரோடு சேர்த்து ஆறு பேர். பந்துக்குப் பதிலாக ‘பக்’ எனப்படும் தட்டையான இறப்பர் வட்டு. இருபது நிமிடப்படி மூன்று பகுதிகள். ஓட்டத்தின் வேகம் அப்படி என்பதால் ஒரு வீரர் முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் ஆடியதும் வெளியே வந்துவிடுவார், அடுத்தவர் உள்ளே பாய்வார். ஆட்டம் நிற்காமலே இந்த மாற்றம் நடக்கும். முன்னால் மூவர், பின்னால் இருவர். அந்தப் பின் இருவரில் ஒருவர்தான் ஃபெடிசோவ். எதிரியை மறிப்பதோடு மட்டும் அவர் நிற்கவில்லை. பின்னாலிருந்து வட்டைக் கொண்டுவந்து தாக்குதலைத் தொடங்கிவைப்பார். சமயம் பார்த்துத் தானே போய்க் கோலும் அடிப்பார்.

சோவியத்தில் இந்த விளையாட்டின் வயது குறைவு. முதலாவது தேசிய சம்பியன்ஷிப் 1946 டிசம்பரில்தான் ஆரம்பமானது. எட்டு வருடத்துக்குள், 1954 இல், முதன்முறையாக உலகச் சம்பியன்ஷிப் போட்டிக்குப் போனவர்கள் கனடாவை 7-2 என்று தோற்கடித்துக் கிண்ணத்தோடு வந்தார்கள். கனடாக்காரருக்கு ஹொக்கி என்பது நமக்குக் கிரிக்கெட் மாதிரி. எப்படி அடிபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வளர்ச்சிக்குப் பின்னாலிருந்த மூளை அனத்தோலி தரசோவ். தனிமனித முரட்டு ஓட்டத்தை விட வட்டைக் கைமாற்றிக்கொண்டே இருக்கும் கூட்டு ஆட்டத்தை அவர் கற்பித்தார். பாலே நடனத்திலிருந்தும் சதுரங்கத்திலிருந்தும் பாடம் எடுத்தவர். 1958 ஏப்ரல் 20 இல் மொஸ்கோவில் பிறந்த ஃபெடிசோவ் சிறுவனாக வந்து சேர்ந்ததும் தரசோவ் கட்டியெழுப்பிய சி.எஸ்.கே.ஏ. கழகத்தில்தான்.

சி.எஸ்.கே.ஏ. என்பது இராணுவத்தின் விளையாட்டுக் கழகம். இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது. சோவியத்தில் எல்லா இளைஞர்களுக்கும் கட்டாய இராணுவ சேவை இருந்தது. வேறு கழகமொன்றில் ஒரு பையன் நன்றாக விளையாடுகிறான் என்று தெரிந்தால் அவனை இராணுவத்துக்கு அழைப்பார்கள். அழைத்து சி.எஸ்.கே.ஏ. உடையைக் கொடுப்பார்கள். மகாரோவ் செல்யாபின்ஸ்க் நகரிலிருந்து வந்தார். கசதோனோவ் லெனின்கிராடிலிருந்து வந்தார். லரியோனோவ் வஸ்க்ரெசென்ஸ்க் என்ற சிறு நகரத்திலிருந்து வந்தார். 1977 முதல் 1989 வரை தொடர்ச்சியாக 13 வருடங்கள் அந்தக் கழகமே தேசிய சம்பியன். நாட்டின் நல்ல பிள்ளைகளையெல்லாம் ஒரே வகுப்பில் போட்டுவிட்டு அந்த வகுப்பு முதலாமிடம் வந்தது என்று மெச்சுவது மாதிரித்தான் இது. ஆனாலும் அவர்கள் ஆடிய ஆட்டம் அழகு. அதை மறுக்கக் கூடாது.

தரசோவுக்குப் பிறகு சில வருடங்கள் கழித்து, 1977 இல், விக்டர் திகோனோவ் பொறுப்புக்கு வந்தார். தேசிய அணியும் சி.எஸ்.கே.ஏ.யும் ஒரே ஆளின் கையில். வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் வீரர்கள் முகாமுக்குள்தான் இருக்க வேண்டும். கலியாணம் முடித்தவர்களும் அப்படித்தான். மனைவி பிள்ளைகளைப் பார்ப்பதற்கு விடுமுறை எடுக்க வேண்டும். மரணப் படுக்கையில் கிடந்த தந்தையைப் பார்க்க ஒரு வீரருக்கு அனுமதி கிடைக்கவில்லை என்று பின்னாளில் அவரது தோழர்கள் சொன்னார்கள். திகோனோவ் திறமையான பயிற்றுவிப்பாளர், அதில் சந்தேகமில்லை. கிண்ணங்கள் சாட்சி. அந்தக் கிண்ணங்களின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

1980 பெப்ரவரியில் அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரில் குளிர்கால ஒலிம்பிக். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தன. மொஸ்கோ ஒலிம்பிக்கைப் பகிஷ்கரிக்கப் போவதாக அமெரிக்கா அறிவித்துக்கொண்டிருந்த நேரம். அந்தச் சூட்டில் 22 ஆம் திகதி, பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்ட அமெரிக்க அணி, உலகின் மிகப் பலமான சோவியத் அணியை 4-3 என்று தோற்கடித்தது. உலகின் சிறந்த கோல் காப்பாளர் எனப்பட்ட திரெத்தியாக்கை முதல் பகுதி முடிந்ததும் திகோனோவ் வெளியே எடுத்துவிட்டார். அந்த முடிவைப் பற்றி இன்றைக்கும் கதைக்கிறார்கள். அமெரிக்கர்கள் அந்த ஆட்டத்தை ஓர் அற்புதம் என்று பெயர்சூட்டிக் கொண்டாடுகிறார்கள். தோற்ற பக்கத்தில் 21 வயது ஃபெடிசோவ் நின்றார்.

தோல்விக்குப் பிறகு மூத்தவர்கள் பலர் ஒதுக்கப்பட்டு இளையவர்களைச் சுற்றி அணி கட்டப்பட்டது. ஃபெடிசோவும் கசதோனோவும் பின்னால், லரியோனோவ், மகாரோவ், குருத்தோவ் மூவரும் முன்னால். பயிற்சியின்போது பச்சை மேலாடை அணிந்ததால் இவர்களைப் ‘பச்சை ஐவர்’ என்றார்கள். 1981 இல் கனடாக் கிண்ண இறுதிப் போட்டியில், மொன்றியலில், கனடாவை அதன் சொந்த மண்ணில் 8-1 என்று தோற்கடித்தார்கள். 1984 இல் சராயேவோவிலும் 1988 இல் கல்கரியிலும் ஒலிம்பிக் தங்கம். ஃபெடிசோவின் கணக்கில் மாத்திரம் ஏழு உலகச் சம்பியன்ஷிப் தங்கங்கள். பழைய ஆட்டங்களின் காணொளிகள் இணையத்தில் கிடக்கின்றன, தேடிப் பாருங்கள். ஐந்து பேருக்கும் ஒரே மூளை இருப்பது போலத் தெரியும். ஒருவன் திரும்பிப் பாராமலே வட்டைப் பின்னால் விடுகிறான், அங்கே மற்றவன் நிற்கிறான்.

1985 இல் ஃபெடிசோவ் ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளானது. உடனிருந்த தம்பி அனத்தோலி இறந்துபோனார். அவரும் வளர்ந்துவந்த ஹொக்கி வீரர். அண்ணன் உயிர் தப்பினார். விளையாட்டை விட்டுவிடலாமா என்று யோசித்த காலம் அது. விடவில்லை.

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம்.

வட அமெரிக்காவில் என்.எச்.எல். என்ற தொழில்முறைத் தொடர் இருக்கிறது. உலகில் ஹொக்கிக்கு அதிகம் சம்பளம் கிடைப்பது அங்கேதான். நியூ ஜேர்சி டெவில்ஸ் அணி 1983 இலேயே ஃபெடிசோவின் பெயரைத் தன் பட்டியலில் எழுதி வைத்திருந்தது. எப்போதாவது வந்தால் எங்களிடம்தான் வர வேண்டும் என்கிற முன்பதிவு. வருவார் என்று அப்போது யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 1988 கல்கரி வெற்றிக்குப் பிறகு விடுவிப்பதாக அவருக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது. வாக்கு நாளைக்கு நாளை என்று இழுபட்டது. நம்மில் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காரியாலயப் படி ஏறி இறங்கியவர்களுக்கு இந்த அனுபவம் விளங்கும்.

தப்பி ஓட வழி இருந்தது. அணி அடிக்கடி வெளிநாடு போகும். ஒரு ஹோட்டலின் பின்கதவால் இறங்கிக் காரில் ஏறினால் முடிந்தது. அவர் அதைச் செய்யவில்லை. அவர் இராணுவ அதிகாரி, ஓடினால் படையை விட்டு ஓடியவன் என்ற குற்றம். பின்னால் பெற்றோர் இருந்தார்கள். அதற்கு மேலாக, நான் எதற்கு ஓட வேண்டும் என்ற கேள்வி அவரிடம் இருந்தது. போவதென்றால் சட்டப்படி, கையில் கடவுச்சீட்டோடு, திரும்பி வரும் உரிமையோடு போவேன் என்பதே அவர் நிலைப்பாடு.

முதல் கல்லை எறிந்தவர் லரியோனோவ். 1988 இலையுதிர் காலத்தில் ‘ஒகன்யோக்’ சஞ்சிகையில் திகோனோவின் முகாம் ஆட்சியைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார். பின்னர் 1989 ஜனவரியில் ஃபெடிசோவின் கடிதம். கிளாஸ்நொஸ்த் என்ற சொல்லுக்கு இதை விட நல்ல வரைவிலக்கணம் என்னிடம் இல்லை. அந்தக் கடிதங்களை அச்சிட ஒரு பத்திரிகை இருந்தது, அச்சிட்ட பிறகும் பத்திரிகை மூடப்படவில்லை.

தண்டனை வந்தது. அணித்தலைவராக இருந்தவர் அணியிலிருந்தே நீக்கப்பட்டார். பாதுகாப்பு அமைச்சர் திமித்ரி யாசோவ் தன்னை அழைத்துக் கடுமையாக மிரட்டியதாக ஃபெடிசோவ் பின்னர் சொல்லியிருக்கிறார். காலத்தைக் கவனியுங்கள். அதே யாசோவின் படைகள் அதே பெப்ரவரி 15 ஆம் திகதி ஆப்கானிஸ்தானை விட்டு முற்றாக வெளியேறின. ஒன்பது வருட யுத்தத்தை முடித்துக்கொண்டிருந்த ஒரு அமைச்சருக்கு ஒரு ஹொக்கிக்காரனைக் கூப்பிட்டு மிரட்டவும் நேரம் இருந்திருக்கிறது. அந்த வீரர் அவர்களுக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பதும், சொத்து வாய் திறந்தால் எவ்வளவு கோபம் வரும் என்பதும் இதில் தெரிகிறது.

1989 வசந்தத்தில் ஸ்டொக்ஹோமில் உலகச் சம்பியன்ஷிப். போட்டி நெருங்கியபோது லரியோனோவ், மகாரோவ், குருத்தோவ் உட்படச் சில வீரர்கள் தொலைக்காட்சியில் தோன்றினார்கள். ஃபெடிசோவைச் சேர்க்காவிட்டால் நாங்களும் போகமாட்டோம் என்றார்கள். சோவியத் தொலைக்காட்சியில், இராணுவக் கழகத்து வீரர்கள்! எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். ஒருவன் தனியாக எதிர்த்தால் அவனை ஒதுக்கலாம், மறக்கடிக்கலாம். முதல் வரிசை முழுவதும் சேர்ந்து நின்றால் பயிற்றுவிப்பாளர் யாரை வைத்து விளையாடுவது? ஃபெடிசோவ் திரும்ப அழைக்கப்பட்டார். தங்கம் கிடைத்தது. தொடரின் சிறந்த பின்கள வீரராகத் தெரிவானவரும் அவரே.

ஐவரில் ஒருவர் அந்த வரிசையில் இருக்கவில்லை. கசதோனோவ். பத்து வருடங்களுக்கு மேலாகப் பக்கத்திலேயே ஆடிய ஜோடி, நெருங்கிய நண்பர். அவர் திகோனோவின் பக்கம் நின்றார். அவருக்கும் அவருடைய காரணங்கள் இருந்திருக்கும், இந்தத் தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் நட்பு அங்கேயே முறிந்தது.

அதே ஸ்டொக்ஹோமில், தங்கம் வென்ற கையோடு, இருபது வயது அலெக்சாண்டர் மொகில்னி அணியை விட்டு அமெரிக்காவுக்கு ஓடிப்போனார். ஒரே அணியில் ஒருவர் பின்கதவால் போனார், மற்றவர் தலைவாசல் திறக்கும்வரை காத்திருந்தார். மொகில்னியையும் நான் குறை சொல்லமாட்டேன். அந்த வயதில் அவருக்கு ஒரு வாசல்தான் தெரிந்தது.

கடைசியில் 1989 கோடையில் வாசல் திறந்தது. அதிலும் ஒரு கொக்கி இருந்தது. வெளிநாடு போகும் வீரர்களின் சம்பளத்தில் பெரும் பகுதியை அரச விளையாட்டு நிறுவனமே எடுத்துக்கொள்ளும் முறையில்தான் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. ஃபெடிசோவ் அதையும் எதிர்த்து வாதாடித்தான் போனார். லரியோனோவும் குருத்தோவும் வன்கூவருக்கு, மகாரோவ் கல்கரிக்கு. மகாரோவுக்கு அந்த முதல் வருடமே ‘சிறந்த புதுமுகம்’ விருது கிடைத்தது. வயது 31! உலகச் சம்பியன் ஒருவருக்குப் புதுமுக விருதா என்று சலசலப்பு எழுந்து, அதற்குப் பிறகு வயதெல்லை போட்டுவிட்டார்கள்.

நியூ ஜேர்சியில் ஃபெடிசோவுக்குச் சுகமான வரவேற்பு இல்லை. பனிப்போர் மனங்களில் ஓயவில்லை. அரங்குகளில் கூச்சல் கேட்டது. எங்கள் பையன்களின் இடத்தைப் பறிக்க வந்தவன் என்ற பார்வை இருந்தது. அரங்கும் வேறு. ஐரோப்பாவில் 30 மீற்றர் வரை அகலமான ஐஸ், இங்கே 26 மீற்றர் மட்டும். வட்டம் போட்டு, இடம் பார்த்து, கைமாற்றி ஆடிப் பழகியவருக்கு அந்த நான்கு மீற்றர் பெரிய இழப்பு. உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம் அங்கே அதிகம். வந்தபோதே வயது 31, சிறந்த வருடங்கள் முகாமிலேயே போய்விட்டன. வந்த சில மாதங்களில் அதே அணிக்கு இன்னொருவரும் வந்து சேர்ந்தார். கசதோனோவ்! பயிற்றுவிப்பாளர்கள் இருவரையும் பழையபடி ஜோடியாக இறக்கினார்கள். ஐஸில் வட்டைப் பரிமாறினார்கள். வெளியே ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை.

ஆறு பருவங்கள் அப்படிப் போயின. 1995 ஏப்ரலில், 37 வயதை எட்டும் நேரத்தில், டெட்ரோயிட் ரெட் விங்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். முடிந்துபோன வீரர் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அங்கே ஸ்கொட்டி போமன் என்ற பயிற்றுவிப்பாளர் ஒரு விசித்திரம் செய்தார். அணியில் ஏற்கெனவே மூன்று ரஷ்யர்கள் இருந்தார்கள். செர்கெய் ஃபியோதரோவ் 1990 இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் சோவியத் அணியின் ஹோட்டலிலிருந்து நழுவி வந்தவர். விளாதிமிர் கொன்ஸ்தந்தினோவ், மருத்துவர்களைக் கொண்டு பாரதூரமான நோய் என்று பத்திரம் எழுதுவித்து இராணுவத்திலிருந்து விடுபட்டு வந்தவர். இளையவர் வியச்செஸ்லாவ் கொஸ்லோவ் மூன்றாமவர். ஃபெடிசோவ் வந்தார், பின்னாலேயே லரியோனோவையும் போமன் வாங்கினார். 1995 ஒக்டோபர் 27 அன்று கல்கரியில் ஐவரையும் ஒன்றாக ஐஸில் இறக்கினார். 3-0 வெற்றி. பதினைந்து வருடத்துக்கு முன் திகோனோவின் முகாமில் ஆடிய அதே ஆட்டம், இம்முறை வேலியில்லாமல். அந்தப் பருவத்தில் ரெட் விங்ஸ் 62 ஆட்டங்கள் வென்று சாதனை படைத்தது.

1997 ஜூன் 7. ஃபிலடெல்பியாவைத் தொடர்ச்சியாக நான்கு ஆட்டங்களில் தோற்கடித்து டெட்ரோயிட் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது, 42 வருடங்களுக்குப் பிறகு. அணித்தலைவர் ஸ்டீவ் ஐசர்மன் கிண்ணத்தோடு ஒரு சுற்று வந்துவிட்டு, முதலில் அதை ஃபெடிசோவின் கையில் கொடுத்தார். ஃபெடிசோவ் லரியோனோவையும் சேர்த்துக்கொண்டு இருவருமாகத் தூக்கினார்கள். எட்டு வருடங்களுக்கு முன் கூச்சலிட்ட அதே கண்டத்து மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஆறு நாட்கள்தான். ஜூன் 13 அன்று அணியினரின் கொண்டாட்டம். விருந்து முடிந்து யாரும் வாகனம் ஓட்டக் கூடாது என்பதற்காகவே சாரதியோடு வாகனங்களை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவ்வளவு பொறுப்பாக நடந்தும், ஒரு வாகனத்தின் சாரதி அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்ட ஆள். ஓட்டும்போதே தூங்கிப்போனார். வாகனம் மரத்தில் மோதியது. உள்ளே மூன்று பேர். ஃபெடிசோவ் காயங்களோடு தப்பினார். முப்பது வயது கொன்ஸ்தந்தினோவின் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அணியின் உடற்பிடிப்பாளர் செர்கெய் ம்னத்சகானோவுக்கும் அதே கதி. தம்பியைப் பலிகொண்ட விபத்திலிருந்து பன்னிரண்டு வருடங்கள் கழித்து, இரண்டாம் முறையும் பக்கத்திலிருந்தவர்கள் விழ இவர் எழுந்து நடந்தார்.

வென்ற அணியின் ஒவ்வொரு வீரரும் கிண்ணத்தைச் சில மணிநேரம் தன்னோடு வைத்திருக்கலாம் என்று ஒரு வழக்கம் உண்டு. அந்த ஓகஸ்டில் ஃபெடிசோவ், லரியோனோவ், கொஸ்லோவ் மூவரும் அதை மொஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டான்லி கிண்ணம் ரஷ்ய மண்ணுக்குப் போனது அதுவே முதல் தடவை. செஞ்சதுக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார்கள். எட்டு வருடத்துக்கு முன் ஓடியிருந்தால் இந்தப் பயணம் எப்படி அமைந்திருக்கும் என்று நினைக்கிறேன். கொன்ஸ்தந்தினோவ் அப்போது மயக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் இருந்தார்.

அடுத்த வருடமும் டெட்ரோயிட்தான் வென்றது. அந்தப் பருவம் முழுவதும் அணியினர் ‘நம்புகிறோம்’ என்ற சொல்லை ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் உடையில் தைத்துக்கொண்டு ஆடினார்கள். 1998 ஜூன் 16 அன்று வொஷிங்டனில் இறுதி ஆட்டம் முடிந்ததும் கொன்ஸ்தந்தினோவைச் சக்கர நாற்காலியில் ஐஸுக்குக் கொண்டுவந்தார்கள். ஐசர்மன் கிண்ணத்தை அவர் மடியில் வைத்தார். தோழர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அரங்கைச் சுற்றி வந்தார்கள். ஃபெடிசோவ் அதோடு ஓய்வு பெற்றார். வயது 40. என்.எச்.எல்.லில் 546 ஆட்டங்கள், 36 கோல்கள். அவருடைய உண்மையான பருமனை இந்த எண்கள் காட்டாது. 2008 இல் உலக ஹொக்கி சம்மேளனம் நூற்றாண்டு அணியைத் தெரிவுசெய்தபோது 56 நிபுணர்களில் 54 பேர் அவருக்கு வாக்களித்தார்கள். வேறு எந்த வீரருக்கும் அத்தனை வாக்குகள் இல்லை.

அதன் பிறகு அவர் ரஷ்யாவுக்கே திரும்பினார். 2002 ஒலிம்பிக்கில் ரஷ்ய அணியைப் பயிற்றுவித்து வெண்கலம் பெற்றுக்கொடுத்தார். அதே வருடம் நாட்டின் விளையாட்டுத் துறைக்குத் தலைவரானார். பின்னர் மேல்சபை உறுப்பினர், 2016 முதல் கீழ்சபையான டூமாவில் ஆளும் கட்சி உறுப்பினர். அமைச்சரின் முன்னால் மறுத்து நின்றவர் இன்று அரசாங்கத்தின் வரிசையில் இருக்கிறார். இதைக் கண்டு ஏமாந்துபோனவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. அவர் நாட்டை ஒருபோதும் மறுக்கவில்லை, தன்னை உருவாக்கிய பள்ளியைப் பற்றி இன்றும் பெருமையாகத்தான் கதைக்கிறார். உருவாக்கியவர்களுக்கு நான் சொந்தம் என்பதை மட்டுமே மறுத்தார். அரச வரிசையில் இருப்பதால் அவர் சொல்வதெல்லாம் சரியென்றும் ஆகிவிடாது, அது வேறு விடயம்.

2009 டிசம்பரில், 51 வயதில், சி.எஸ்.கே.ஏ.க்குப் பின்கள வீரர்கள் பற்றாக்குறை வந்தபோது பழைய உடையைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு போட்டியில் இறங்கி ஆடினார். கசதோனோவோடும் காலப்போக்கில் சமாதானமாகிவிட்டார். கொன்ஸ்தந்தினோவ் மிச்சிகனிலேயே இருபத்துநான்கு மணிநேரப் பராமரிப்பில் வாழ்கிறார். அந்த மாநிலத்தின் வாகனக் காப்புறுதிச் சட்டம் மாறியதால் 2022 இல் அவருடைய பராமரிப்புக்கே பணம் தட்டுப்பட்டபோது, பழைய ரசிகர்கள்தான் காசு சேர்த்துக் கொடுத்தார்கள்.